தண்டுலேனாவைப் பார்த்தவள்

என் மனைவி பார்த்ததை நான் பார்த்ததாக எழுதி அச்சேற்றினேன். அந்தக் கட்டுரையால் எனக்கு வேலை நிரந்தரமானது. பெயர் கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தவர்கள். பரீட்சையில் அவள் எப்போதும் எனக்கு மேலே. படித்து முடித்ததும் எனக்கு ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நியமனம். மகள் பிறந்ததும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் வேலையை விட்டாள். யார் விடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவள்தான் விடுவாள் என்பது பேசாமலே முடிவாகியிருந்தது.

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவுக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. பின்பக்கம் பலா, கராம்பு, இரண்டு கித்துள் பனை, அதற்கு மேலே தேயிலை. குசினி ஜன்னலைத் திறந்தால் பலாமரத்தின் பாதி உயரம் கண்ணுக்கு நேரே வரும். அந்த மரத்தில் ஒரு தண்டுலேனா கூடு கட்டியிருந்தது. புத்தகத்தில் மலை அணில் என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் தமிழரும் சிங்களத்தில் சொல்வதுபோல் தண்டுலேனா என்றே சொல்கிறோம். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். பெரிய காடுகளில் அதைப் பற்றி எழுதியவர்கள் இருந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் மனிதருக்குப் பக்கத்தில் அது எப்படிப் பிள்ளை வளர்க்கிறது என்று அப்போது அதிகம் பேர் எழுதியிருக்கவில்லை.

அவள் பகலெல்லாம் அந்த ஜன்னலில் நின்றாள். மாலையில் நான் வந்ததும், மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்வாள். நான் எழுதுவேன்.

“எழுதுங்க சேர்,” என்பாள். கேலிக்குத்தான் சேர். “காலையில குரங்குக் கூட்டம் பலாவுல வந்து ஒக்காந்துச்சு. கூட்டத் தொடவே இல்ல. சும்மாதான் பேன் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதுங்க போன பொறகு தாய் வந்து குட்டியக் கவ்விக்கிட்டு கராம்புப் பக்கமா போயிருச்சு.”

“எந்த எடத்துல கவ்வுச்சு?”

“வயித்துல. குட்டி அப்பிடியே தாயோட கழுத்தச் சுத்திக்கிச்சு. நுவரெலியாவுக்குப் போறவன் மஃப்ளர் போட்ட மாதிரி.”

மஃப்ளரை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். பார்த்தது அவள், எழுத்து என்னுடையது. எழுத்து என்னுடையது என்பதால் எல்லாமே என்னுடையது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

ஒருநாள் நான் பகலிலேயே வந்துவிட்டேன். வாசலுக்கே சோறு அடிப்பிடித்த வாசம் அடித்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு அசையாமல் நின்றாள். “சத்தம் போடாதீங்க, ரெண்டாவது குட்டிய எடுக்க வருது,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. நான் சத்தம்தான் போட்டேன். பசியோடு வருகிற மனிதனுக்கு ஒரு வாய் சோறு இல்லையா, அணிலா பெரிது என்று கேட்டேன். அவள் பானையை இறக்கி வைத்தாள். என் கட்டுரையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி அன்று அவள் பார்த்ததுதான். குரங்குகள் வந்து போனால், கூட்டைத் தொடாவிட்டாலும், தாய் எல்லாக் குட்டிகளையும் ஒவ்வொன்றாக வேறு கூட்டுக்கு மாற்றிவிடும்.

கல்லூரியில் என்னை நிரந்தரமாக்க ஒரு கட்டுரையாவது வேண்டும் என்றார்கள். இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று வெளியிட்ட சிறிய ஆங்கிலச் சஞ்சிகைக்கு எழுதினேன். அந்தக் காலத்தில் விஞ்ஞானக் கட்டுரையில் “நான்” வரக்கூடாது. எல்லாமே “அவதானிக்கப்பட்டது” என்றுதான் முடிய வேண்டும். காலையில் அவதானிக்கப்பட்டது, மாலையில் அவதானிக்கப்பட்டது. யார் அவதானித்தது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. நான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கட்டுரையின் மேலே என் பெயர் மட்டும். கடைசியில் ஒரு வரி: பொறுமையோடு இருந்ததற்காக என் மனைவிக்கு நன்றி.

சஞ்சிகை தபாலில் வந்த அன்று அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

“நல்லா வந்திருக்குங்க,” என்றாள். பிறகு சிரித்தாள். “பொறுமைன்னு போட்டிருக்கீங்க. நான் எப்பங்க பொறுமையா இருந்தேன்?”

சிரித்ததால் கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் தண்டுலேனாவைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மழை பற்றிப் பேசினாள், மகளின் இருமல் பற்றிப் பேசினாள், தோட்டத்துப் பலாப்பழத்தை யார் திருடுகிறார்கள் என்று பேசினாள். பலாமரத்தில் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை நான் கவனிக்கவே பல வருடங்கள் ஆயின. அவதானம் என் தொழில் என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்றேன். மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனாள். ஒருநாள் மகள் அனுப்பிய பேத்தியின் படத்தைப் பார்க்க மனைவியின் கைபேசியை எடுத்தேன். பேத்தி இருந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும், விரலால் தள்ளத் தள்ள, தண்டுலேனாக்கள்.

ஒரு வீடியோவைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்கு மேலே பாதையை அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்களை வெட்டிவிட்டார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் போகத் தண்டுலேனாவுக்கு இப்போது கிளை இல்லை. தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு டெலிபோன் கேபிள் மேலே நடந்து வருகிறது. நடுவில் நிற்கிறது. கீழே பஸ் போகிறது. கேபிள் ஆடுகிறது. ஆட்டம் நின்ற பிறகு மறுபடி நடக்கிறது. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. என் மனைவியின் மூச்சு.

அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் முன்னால் நின்றேன்.

“இது எத்தன நாளா?”

“எது?”

“இந்த வீடியோ எல்லாம்.”

“நான் எப்பங்க நிப்பாட்டுனேன்?” என்றாள்.

போன் இல்லாத காலத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்வதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள்.

“இத நீ எழுதணும்,” என்றேன். “நல்ல சஞ்சிகைக்கு. ஒம் பேருல.”

“இந்த வயசுல எனக்கு எதுக்குங்க? யாரு என்னய நிரந்தரமாக்கப் போறா?”

ஒரு சிறு சிரிப்போடுதான் சொன்னாள், அது எனக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. “அந்தக் கட்டுரையில ஒம் பேரு இருந்திருக்கணும்,” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இருந்திருக்கணும்,” என்றாள். கீரையை ஆய்ந்து முடித்தாள்.

மறுநாள் காலை மகளின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “எந்தச் சஞ்சிகைக்கு?” என்று கேட்டாள்.

வனவிலங்கு ஆய்வுக்கான வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைத் தேர்ந்தோம். எழுதுவோருக்கான அறிவுறுத்தல்கள் மட்டும் பல பக்கங்கள். ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போட வேண்டும். படங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அவற்றின் விளக்கம் வேறு இடத்தில். மேற்கோள் பட்டியலில் எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி என்று தனி விதி. எனக்கு இதெல்லாம் பழக்கம். ஒரு விதி மட்டும் புதிது: செய்தவர் யார் என்று தெரியும்படி எழுதுங்கள், “அவதானிக்கப்பட்டது” என்று எழுத வேண்டாம்.

பழக்கதோஷத்தில் நான் “நாங்கள் அவதானித்தோம்” என்று தட்டினேன். அவள் என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

“நாங்களா? நீங்க எப்பங்க பாத்தீங்க?”

“நானும் ரெண்டு மூனு தடவ…”

“காலையில பத்து மணிக்கு நீங்க பேப்பர் வாசிக்கிறீங்க. தண்டுலேனா கேபிள்ல வந்து ஒங்க பேப்பர்ல குதிச்சாலும் தெரியாது.”

அந்த வாக்கியங்களை எல்லாம் அவளே திருத்தினாள். கேபிள் பற்றியதோடு, தாய் கூடு மாற்றுவது பற்றி அன்றிலிருந்து பார்த்ததையும் சேர்த்தாள். யார் என்ன செய்தார்கள் என்று தனியாக ஒரு பந்தி எழுத வேண்டும் என்பதும் விதி. அவள் யோசித்து யோசித்துத் தட்டினாள். முதலாம் ஆசிரியர்: திட்டம், அவதானம், படங்கள், எழுத்து. இரண்டாம் ஆசிரியர்: மேற்கோள்கள், மொழித் திருத்தம். “சரிதானே?” என்று கேட்டாள். சரிதான்.

பிறகு இணையத்தில் பதிவு செய்யும் இடத்துக்கு வந்தோம். ஆசிரியரின் பெயருக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றில் சொந்தப் பெயர், மற்றதில் குடும்பப் பெயர். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. எங்களில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர் இருக்கிறது? நான் அவளுடைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டை, அவள் பெயரும் பக்கத்தில் என் பெயரும் இருந்தன. அவள் பெயரைச் சொந்தப் பெயர்ப் பெட்டியிலும் என் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் போட்டேன். கட்டுரை அச்சில் எப்படி வரும் என்று கணினி ஒரு மாதிரியைக் காட்டியது. மேற்கோள் காட்ட வேண்டிய முறையையும் அதுவே கீழே எழுதியிருந்தது.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அங்கே என் பெயர் முழுதாக இருந்தது. அவள் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அதன் பின்னால் ஒட்டியிருந்தது.

“என்னங்க, மறுபடியும் நீங்கதானா?” என்றாள்.

அப்படியொரு சிரிப்பு சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. திருத்தம் செய்யப் போயும் அதே பிழையைத்தான் செய்திருக்கிறேன், இந்தத் தடவை அரசாங்க அட்டையின் துணையோடு. அவசரமாக என் பெயரை அழித்துவிட்டு அவளுடைய அப்பாவின் பெயரைப் போட்டேன்.

“எங்கப்பாவுக்கு தண்டுலேனாவப் பத்தி என்னா தெரியும்? அவரு பாட்டுக்கு தோட்டத்துல தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தாரு. அவர எதுக்கு இதுல இழுக்குறீங்க?”

“அப்ப யாரு பேரத்தான் போடுறது?”

“தள்ளுங்க.”

கதிரையிலிருந்து என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். முதல் பெட்டியில் அப்பாவின் முதலெழுத்தை மட்டும் தட்டி ஒரு புள்ளி வைத்தாள். குடும்பப் பெயர்ப் பெட்டியில் தன் சொந்தப் பெயரை முழுதாக எழுதினாள். பள்ளிக்கூட இடாப்பில் அவள் பெயர் அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பரீட்சை முடிவு ஒட்டியபோது எனக்கு மேலே இருந்த பெயரும் அதுதான். கணினி ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திறந்தது.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மாதங்கள் போயின. பதில் வந்தபோது அவள் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தாள். நான் தனியாகத் திறந்தேன்.

முதல் மதிப்பாய்வாளர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தார். கூட்டை மாற்றும் நடத்தை பற்றிய பகுதி, இரண்டாம் ஆசிரியர் முன்பு தனியாக வெளியிட்ட கட்டுரையோடு மிகவும் ஒத்துப்போகிறது. அந்தப் பழைய அவதானங்களை முதலாம் ஆசிரியர் தன்னுடையவையாகக் காட்டுகிறாரா? விளக்கம் தேவை.

அவளைத் திருடி என்று கேட்கிறார்கள். என்னிடமிருந்து திருடியதாக.

அவள் வருவதற்குள் ஒரு பதில் எழுதிவிட்டேன். முன்னைய ஆய்வில் முதலாம் ஆசிரியரும் உதவி செய்திருந்தார், பெயர் சேர்க்கத் தவறிவிட்டது என்று. மரியாதையான வாக்கியம். யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். திரும்ப வாசித்தபோது “தவறிவிட்டது” என்ற சொல்லில் கண் நின்றது. என்னவோ அது தானாகக் கை தவறி விழுந்ததுபோல. அழித்தேன். அந்த ஆய்வின் அவதானங்கள் அனைத்தும் முதலாம் ஆசிரியருடையவை, அவர் சொல்ல நான் எழுதினேன், தெரிந்தே அவர் பெயரை விட்டேன், என் பதவிக்காகச் செய்தேன் என்று எழுதினேன். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. அவள் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் விட்ட மருந்தால் அவளுக்குக் கண் கூசியது. என்னை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கேட்டாள். வாசித்து முடித்தேன். அவள் கண்ணை மூடியபடியே இருந்தாள்.

“அனைத்தும் இல்லீங்க,” என்றாள்.

“என்னா?”

“அனைத்தும்னு போட்டிருக்கீங்க. அது பொய். மரங்கள அளந்தது நீங்க. கூடு எந்த உயரத்துல இருக்குன்னு பாக்கக் கித்துள்ல ஏறி விழுந்ததும் நீங்கதான்.”

“விழுந்தத எழுதணுமா?”

“அளந்தத எழுதுங்க.” கண்ணைத் திறக்காமல் என் கையைத் தேடிப் பிடித்தாள். “தெரிஞ்சே விட்டேன்னு எழுதுனீங்களே, அத மட்டும் எடுத்துறாதீங்க.”

எடுக்கவில்லை. மரங்களை அளந்ததைச் சேர்த்து அனுப்பினேன்.

பதிப்பாசிரியரின் பதில் கண்ணியமாகவும் கறாராகவும் இருந்தது. ஏற்கனவே அச்சில் வந்ததை, யார் பெயரில் வந்திருந்தாலும், புதியதாக வெளியிட முடியாது. அந்தப் பகுதியை நீக்க வேண்டும். பழைய கட்டுரைக்கான திருத்தத்தை அதை வெளியிட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேபிள் பற்றிய புதிய அவதானங்களை மட்டும் ஒரு சிறு குறிப்பாகத் தந்தால் பரிசீலிப்போம்.

அவளுடைய சிறந்த அவதானம் அவள் பெயரில் வர முடியாது. என்னால்தான். அன்று பகல் நான் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள். பிறகு உட்கார்ந்து பாதிக் கட்டுரையை அவளே வெட்டினாள்.

வெட்டி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “இதுல இப்ப நீங்க… இல்லதானே?”

மிஞ்சியதில் மொழித் திருத்தம் தவிர என் வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை, அதற்கு ஆசிரியர் என்று பெயர் போட முடியாது. “இல்ல,” என்றேன். கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் என் பெயரை நீக்கினாள்.

பழைய சஞ்சிகை நின்றுபோய்விட்டாலும் அந்தச் சங்கம் இருக்கிறது. பழைய இதழ்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இப்போதைய செயலாளருக்கு எழுதினேன். என் கடிதத்தைக் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு முன்னால் சேர்க்கச் சம்மதித்தார். இந்தக் கட்டுரையில் மர அளவுகள் தவிர்ந்த இடங்களில் “அவதானிக்கப்பட்டது” என்று வந்தால் அவதானித்தவர் என் மனைவி என்று அவளுடைய முழுப்பெயரோடு அதில் எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், “பென்சன் எடுத்த பிறகு ஒமக்கு எதுக்குங்காணும் இந்த வேலை?” என்று ஏசினார். வேறொருவர் இப்போது கடைத்தெருவில் கண்டால் பேசுவதில்லை. இன்னமும் சிலர் திருத்தத்தைப் பார்க்காமல் என் பெயரையே மேற்கோள் காட்டுகிறார்கள். தெரிய வரும்போதெல்லாம் எழுதுகிறேன். சிலர் பதில் போடுகிறார்கள்.

அவளுடைய குறிப்பு வெளிவந்தது. மூன்றே பக்கம், ஒரே பெயர். தாளில் அச்சடித்து எடுத்துவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள், ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து என்னைத் திட்டினாள். மொழித் திருத்தம் என் பொறுப்பாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து கலகெதரவிலிருந்து ஒரு மாணவி தொலைபேசியில் வந்தாள். தங்கள் ஊரிலும் தண்டுலேனா கேபிளில் போகிறது, சில பக்கத்துக் கரண்ட் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன, மேடத்தோடு கதைக்க முடியுமா என்று கேட்டாள். போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி அவள் பேசி நான் கேட்டு எவ்வளவோ காலம். மரங்களுக்கிடையில் கயிறு கட்டிப் பார்க்கலாம், எந்த உயரத்தில், எந்த மரத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பேசி முடித்து வெளியே வந்தாள். மாணவி சொன்னதையெல்லாம் சொன்னாள். அதன் பிறகு, நான் கேட்காமலே, “இன்னைக்குக் காலையில ஒன்னு பாத்தேங்க,” என்று தொடங்கினாள்.